யாழை மீட்ட துறவி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணைக்குப் போனால், கல்வராயன் மலை கண்ணெதிரே எழுந்து நிற்கும். ஒரு மாலை அணைக்கரையில் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து பத்துப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கம், இங்கிருந்து வடக்கே தென்பெண்ணைக்கு அப்பால் இருக்கிறது. அவனிடம் பரிசில் பெற, கூத்தர் கூட்டம் யாழும் பிற கருவிகளும் சுமந்து நடந்தது இத்தகைய மலைவழிகளில்தான்.

"யாழ் என்றால் நம் வீணைதானே, சார்?" என்றார் நண்பர்.

நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பைத் திருத்தியவர் விபுலானந்த அடிகள். 1892-இல் ஈழத்தில் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்தவர், விஞ்ஞான ஆசிரியர். 1924-இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். 1931-இல், நமக்கு எட்டும் தொலைவிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார்.

வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரே தந்தியில் விரலை நகர்த்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் அது இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழுக்கு 21 நரம்புகள், செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். குழைவும் கமகமும் இசையின் உயிராகி வளர்ந்த காலத்தில், மெட்டுள்ள வீணைக்கு யாழ் வழிவிட்டதில் வியப்பில்லை.

அடிகளுக்குக் கிடைத்தவை சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, பழைய உரைகள், கொஞ்சம் சிற்பங்கள், அவ்வளவே. மற்றதையெல்லாம் கணக்கினால் தேடினார். குரலுக்குரிய நரம்பின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இளியைத் தரும். பாதி, மேல் குரலைத் தரும். புலவர்கள் சொல் தேடிய இடத்தில் அவர் பின்னம் தேடினார். இமயத்து மாயாவதியில் பத்திரிகை ஆசிரியராக இருந்தபோதும் அந்த வேலை நிற்கவில்லை.

1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. உடல்நலம் குன்றிய நிலையிலும் அடிகள் வந்திருந்தார். ஜூலை 19-இல் அவர் மறைந்தார். இடையில் இருந்தது ஒன்றரை மாதம்.

இதைக் கேட்ட நண்பர், "நன்னன் கேட்ட ஒலி இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியுமா?" என்றார்.

"முடியாது" என்றேன். நூல் இல்லாததால் யாழ் மறையவில்லை, நூல்கள் இருந்தன. தகப்பன் விரலைப் பார்த்துப் பழகப் பாணன் மகன் ஒருவன் இல்லாமல் போனான். அந்த மகன் செய்யவேண்டியதை, பல நூற்றாண்டு கழித்து, ஒரு சந்நியாசி தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து செய்தார்.

மலைமேல் இருட்டிவிட்டது. கடைசிப் பஸ் போய்விடுமே என்று இருவரும் எழுந்தோம். வழியெல்லாம் நண்பர், யாழ்நூல் எந்தக் கடையில் கிடைக்கும் என்றே கேட்டுக்கொண்டு வந்தார்.