ஊத்தாவும் இறகுத் தூண்டிலும்

பங்குனி பிறந்தால் எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் குண்டாறே மழை பெய்தால்தான் ஆறு. மற்ற நாளெல்லாம் மணல். ஐப்பசி, கார்த்திகையில் பெருகிய கண்மாய், பாசனம் முடிந்து சேறாகும்போதுதான் எங்களுக்கு மீன் காலம்.

நீலகிரிக்குப் போய்வந்த நான், மலை ஏரியில் இறகு கட்டிய தூண்டிலால் டிரவுட் பிடிப்பதைப் பற்றித் தாத்தாவிடம் சொன்னேன். புழு கிடையாது, முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோலச் செய்து தண்ணீர்மேல் வீசுவார்கள். தாத்தா சிரித்தார். "ஈ மாதிரி கட்டி மீனை ஏமாத்துறானாக்கும்! அதுக்கு லைசன்சு வேறயா? ஏன்டா, மீன் பிடிக்க யாருகிட்டடா கேக்கணும்?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

டிரவுட் நம் மலையின் மீன் அல்ல. சென்னை ராணுவ மருத்துவரான பிரான்சிஸ் டே 1863-இல் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே பிழைக்கும் மீனின் முட்டைகள் வெப்பக் கடலைக் கடந்து வர வேண்டுமே! நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் எச்.சி. வில்சன் வானவில் டிரவுட்டை அங்கே நிலைக்கவைத்தார். 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது.

மீனுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879-ஆம் ஆண்டுடையது. வரைமுறையற்ற வேட்டைக்கு அது கடிவாளம் போட்டது உண்மை. ஆனால் அந்த ஆண்டைக் கவனியுங்கள். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் 1876–78. கீழே சனங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம் ஓய்ந்த மறு ஆண்டே, மேலே பொழுதுபோக்கு மீனுக்குப் பருவமும் உரிமமும் வகுக்கப்பட்டன.

வெள்ளைக்காரர்கள் கண்மாயை விட்டுவிடவும் இல்லை. சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ், குளத்தில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-இல் தனி நூல் எழுதினார். தூண்டிலுக்கு ஒரு ஆளும் அவன் பொறுமையும் போதும். எங்கள் ஊத்தாவுக்கு ஊரே வேண்டும். மேலும் கீழும் திறந்த கூடை அது. பல பேர் இறங்கிக் கலக்கிய சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவ வேண்டும்.

கண்மாய் அழிப்பு அப்படித்தான் நடக்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் எல்லோரும் இறங்குவார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் தடையில்லை. கிடைத்ததை விற்கக் கூடாது, குழம்பு வைக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வருஷம் மழை என்பது நம்பிக்கை. மீன்பாசி ஏலம் இந்த வழக்கத்தை நெருக்குகிறது. குத்தகை எடுத்தவர் வலைபோட்டு அள்ளியபின் ஊத்தாவுக்கு என்ன மிஞ்சும்? ஏலப் பணம் ஊருக்கோ அரசுக்கோ போகலாம். நிலமில்லாதவன் வீட்டுச் சட்டிக்குப் போகாது.

மீனும் மாறிவிட்டது. ஆப்பிரிக்காவின் ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. டிரவுட் குளிரைத் தாண்டி இறங்கவில்லை; ஜிலேபி எங்கள் கலங்கல் தண்ணீரிலும் குடும்பம் நடத்தியது.

போன அழிப்பில் தாத்தாவால் இறங்க முடியவில்லை. கரையில் உட்கார்ந்துகொண்டு ஊத்தாவை என்னிடம் கொடுத்தார். நான் முதலில் பிடித்ததும் ஜிலேபிதான். தூக்கிக் காட்டினேன்.

"விரால் இல்லையாடா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சரி விடு. யாரையும் கேக்காமப் பிடிச்சேல்ல."