காதொலிப்பானும் ஒலிபெருக்கியும்: மாத்தளைத் தோட்டப்புறத்தின் கேட்டல் வரலாறு

முன்னுரை

பதிவுசெய்யப்பட்ட இசையை மிக உயர்ந்த தரத்திற் கேட்க விழைவோர் இன்று இரு சாராராக நிற்கின்றனர். தலையில் மாட்டிக் காதோடு பொருத்திக் கேட்கும் கருவியே நுண்மையானது என்பர் ஒரு சாரார். அறையில் நிறுத்திக் கேட்கும் ஒலிபெருக்கியே இயல்பானது என்பர் மறுசாரார். முன்னையதை மக்கள் ‘ஹெட்போன்’ என்றே வழங்குவர். இக்கட்டுரையில் அது காதொலிப்பான் எனப்படும். இவ்விவாதம் பெரும்பாலும் கருவிகளின் விலையையும் பொறிநுட்பத்தையும் சுற்றியே நடைபெறுகின்றது. கருவி எத்தகைய வீட்டில், எத்தனை பேருக்காக ஒலிக்கின்றது என்னும் வினா அதில் எழுவது அரிது. மாத்தளை மாவட்டத்தின் தோட்டப்புறத்தை நிலைக்களனாகக் கொண்டு இவ்விரு கருவிகளின் வரலாற்றை நோக்கின், ஒலித்தரம் பற்றிய வினா வீட்டையும் நிலத்தையும் பற்றிய வினாவிலிருந்து பிரிக்கவியலாதது என்பது புலனாகும்.

வானொலியின் தொடக்கக் காலம்

இலங்கையில் வானொலிப் பரிசோதனைகள் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பரின் முயற்சியால் 1923 ஆம் ஆண்டளவில் தொடங்கின. 1925 டிசம்பர் 16 அன்று தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோர்ட் கொழும்பு வானொலி நிலையத்தை முறைப்படி தொடக்கிவைத்தார். ஆசியாவின் மிகப் பழைய ஒலிபரப்பு நிலையங்களுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

அக்காலத்தில் உலகெங்கும் எளியோர் கையாண்டது பளிங்கு வானொலிக் கருவியாகும். அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை, பற்றரியும் வேண்டியதில்லை. வானலையின் ஆற்றலைக்கொண்டே அது இயங்கிற்று. ஆயின் அவ்வாற்றல் மிகச் சிறிது. காதோடு ஒட்டிய மெல்லிய இரும்புத் தகட்டை அதிரச்செய்ய மட்டுமே அது போதுமானது. அக்கருவியின் முன் அமர்ந்தோர் அனைவரும் காதொலிப்பான் அணிந்தே கேட்க நேர்ந்தது. 1910 ஆம் ஆண்டில் நதானியல் போல்ட்வின் என்னும் அமெரிக்கர் ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக்குச் செய்தளித்த காதொலிப்பானின் வழிவந்தவையே அவை. தந்திச் செய்தியைப் பிழையின்றிக் கேட்பதற்கு ஏற்ற அக்கருவிகள் இசைக்கு ஏற்றவையல்ல. கீழ்ச்சுருதிகளையும் மிக நுண்ணிய மேற்சுருதிகளையும் அவை இழந்தன.

மாத்தளையோ கொழும்பிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. இடையே மலைத்தொடர்கள் உள்ளன. பளிங்குக் கருவி இத்தொலைவில் நம்பத்தக்கதன்று. வால்வுகள் பொருத்திய கருவியும் உயரக் கட்டிய வான்கம்பியும் இங்கு தேவைப்பட்டன. இவற்றின் விலை தோட்டத் தொழிலாளியின் எட்டாத தூரத்தில் இருந்தது. ஆகவே காதொலிப்பானின் முதற் காலம் மாத்தளையின் பெரும்பான்மைத் தோட்ட மக்களைத் தீண்டாமலே கடந்துசென்றது எனலாம். அவர்களை விடியற்காலையில் எழுப்பிப் பிரட்டுக்களத்திற்கு அழைத்த தப்பின் ஓசையே அந்நாளில் லயன்களின் பொது ஒலியாக விளங்கிற்று.

ஒலிபெருக்கியின் எழுச்சி

ஒலிபெருக்கி, கூட்டத்தை நோக்கியே பிறந்த கருவியாகும். 1915 ஆம் ஆண்டில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் ஆகிய இருவரும் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் அதனை இயக்கிக் காட்டினர். 1919 இல் ஐக்கிய அமெரிக்க சனாதிபதி வில்சன் சான் டியாகோவில் அதன் துணைகொண்டு உரையாற்றினார். 1925 இல் செஸ்டர் றைஸ், எட்வேர்ட் கெலொக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பமாகும். காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருள் ஒன்று காகிதக் கூம்பொன்றை இயக்கும் அமைப்பை அவர்கள் செம்மைப்படுத்தினர். இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் அடிப்படை அதுவே. வியத்தகு முறையில், பிற்காலக் காதொலிப்பான்களில் மிகப் பலவும் அதே தத்துவத்தையே சிறிதாக்கிக் கொண்டன. 1937 இல் ஜேர்மனியில் ஒயிகன் பேயர் வெளியிட்ட டி.டி. 48 இதற்கு முன்னோடியாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகம் 1944 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. படையினருக்கென இயங்கிய றேடியோ சியாக் நிலையம் போரின் பின் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டு, 1949 இல் இலங்கை வானொலியின் பகுதியாயிற்று. 1950 இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் புறக்கணித்தபோது, அப்பாடல்களை விரும்பிய இந்திய நேயர்கள் கொழும்பை நோக்கித் திரும்பினர். எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் கடலின் இருகரையிலும் அறிமுகமாயிற்று.

இப்பாடல்களைத் தோட்டமக்கள் பலர் முதலிற் கேட்டது தேநீர்க்கடை வானொலியின் ஒலிபெருக்கி வாயிலாகவே. பின்னர் டிரான்சிஸ்டர் வானொலி வந்தது. மின்னிணைப்பற்ற லயன் அறைகளுக்கு இது ஒரு பெருங்கொடையாகும். அதன் ஒலித்தரம் தாழ்ந்ததே. உள்ளங்கையளவுக் கூம்பு கீழ்ச்சுருதிகளைத் தாராது. சிற்றலை ஒலிபரப்போ ஏறத்தாழ 5,000 ஹேர்ட்சுக்கு மேற்பட்ட நுண்ணொலிகளைக் கொண்டுவராது. ஆயினும் ஒரு லயனில் ஒலித்த பாட்டு பல குடும்பங்களுக்குரியதாயிற்று. பழைய லயன்கள் பலவற்றில் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் கூரைவரை எட்டுவதில்லை. அயலாரின் பாட்டோடு அவர்தம் பூசலும் இருமலும் சேர்ந்தே கேட்டன. கூடிக் கேட்டல் என்பது அங்கே விரும்பி ஏற்ற பண்பாடாக இருந்ததோடு, தவிர்க்கவியலாத நிர்ப்பந்தமாகவும் இருந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வரலாற்று நோக்கில் இன்றியமையாதது.

கோயிற் குழாய்கள்

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பெருவிழா பஞ்சரத பவனியாற் புகழ்பெற்றது. இத்தகைய விழாக்களில் கட்டப்படும் குழாய் வடிவ ஒலிபெருக்கிகள் ஒலித்தரத்திற்கன்றித் தொலைவிற்கென அமைந்தவை. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் ஒலியின் மட்டம் 6 தெசிபெல் குறையும். அவ்விழப்பை வென்று நெடுந்தூரம் செல்லும் வண்ணம் குழாய் ஒலியைக் குவித்து வீசுகின்றது. அதற்கு ஈடாக, சில நூறு ஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை அது பெரும்பாலும் இழக்கின்றது. நாதஸ்வரத்தின் கூரிய நாதம் குழாய் வழியே பிழைத்துச் செல்லும். தவிலின் தொப்பியிலிருந்து எழும் கனத்த ஓசை மெலிந்துபோம். வீதியில் தவிலின் அருகே நின்று நெஞ்சில் அதிர்வை உணர்ந்தவனும், எதிர்மலைச் சரிவிலிருந்து குழாய் வழியே கேட்டவனும் ஒரே இசையைக் கேட்டவர்களாகார். எனினும் நோயினாலோ வேலையினாலோ விழாவிற்கு வரவியலாத ஒருவருக்கு அம்மெலிந்த ஒலியே விழாவாயிற்று.

இக்குழாய் ஒலி விரும்பாதோர் செவியிலும் விழுந்தது. இலங்கை உயர் நீதிமன்றம் 2007 ஆம் ஆண்டில், வெலிகாமம் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. கேட்கும் உரிமையோடு கேளாதிருக்கும் உரிமையும் உண்டு என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது.

உயர்தரக் கருவிகளின் ஒப்பீடு

இனி, கருவிகளின் உயர்தர நிலையை நோக்கலாம். பிரித்தானியரான அலன் புளும்லைன் 1931 இல் இருவழி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை கோரினார். 1957 இல் பீட்டர் வோக்கரின் குவாட் நிலைமின் ஒலிபெருக்கி வெளிவந்தது. கனத்த கூம்பிற்குப் பதிலாக மெல்லிய தோல்போன்ற படலத்தை மின்புலத்தால் அசைத்த அக்கருவியின் தெளிவு இன்றும் பேசப்படுகின்றது. 1958 இல் ஜோன் கொஸ் இருவழிக் காதொலிப்பானை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1968 இல் சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 414, பின்புறம் திறந்த அமைப்பினால் காதொலிப்பானின் அடைபட்ட தன்மையைப் போக்கியது. 1979 இல் சோனியின் வோக்மன் அதனை வீதிக்குக் கொண்டுவந்தது. 1991 இல் சென்ஹைசரின் ஓர்பியஸ், காதொலிப்பானும் அரும்பொருளாகலாம் என்பதைக் காட்டியது.

இரண்டன் ஒலியும் அடிப்படையில் வேறுபடுவது எவ்வாறு? ஒலிபெருக்கிகள் இரண்டு முன்னிற்கையில், வலப்புறக் கருவியின் ஒலி இடக்காதிற்கும் செல்கின்றது. தலையைச் சுற்றிச் செல்வதால் அது ஒரு வினாடியின் ஆயிரத்திலொரு பங்கிற்கும் குறைந்த தாமதத்துடன், சற்று மங்கி வந்துசேரும். இத்தாமதத்தையும் மங்கலையும் கொண்டே மூளை ஒலியின் திசையை உணர்கின்றது. பாடகர் எதிரே நிற்பதாகத் தோன்றுவதும் இதனாலேயே. காதொலிப்பானில் ஒவ்வொரு காதும் தன் பங்கை மட்டுமே பெறுகின்றது. ஆகவே பாடகர் தலைக்குள்ளேயே நிற்பதாகத் தோன்றுகின்றது. பெஞ்சமின் போவர் 1961 இல், இக்குறையைப் போக்க ஒரு காதின் ஒலியிற் சிறு பகுதியை மறு காதிற்கு அனுப்பும் முறையை விளக்கினார்.

கீழ்ச்சுருதியிலும் வேறுபாடு உண்டு. நல்ல காதொலிப்பான் மிருதங்கத்தின் தொப்பியைச் செவிக்குத் துல்லியமாகத் தரும். ஆயின் உடல் அதனை உணராது. ஒலிபெருக்கியின் அதிர்வு உடலெங்கும் படும். நுண்மையில் முன்னையது மேம்படும். பாடகர் மூச்சிழுக்கும் ஓசையையும் விரல் நரம்பில் உரசும் ஓசையையும் சிறு செலவில் அது வெளிப்படுத்தும். அதே நுண்மையை ஒலிபெருக்கியிற் பெறப் பன்மடங்கு பணம் வேண்டும். பணத்தினும் மேலாக வேண்டுவது அறை.

லயன் அறையும் ஒலியும்

தோட்டத்து லயன் அறையின் வழக்கமான அளவு 12 அடிக்கு 10 அடி. ஒலியின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், இவ்வறை 47 ஹேர்ட்ஸ், 56 ஹேர்ட்ஸ் அளவிலான சுருதிகளைத் தானே ஊதிப் பெருக்கும். அவ்விடங்களில் மத்தளம் குமுறும். வேறு இடங்களில் மெலியும். உயர்தர ஒலிபெருக்கிகள் இரண்டைப் பின்சுவரிலிருந்து 3 அடி தள்ளி, ஒன்றுக்கொன்று 6 அடி இடைவெளியில் நிறுத்தி, அவற்றோடு முக்கோணமாகும் வகையில் ஒருவர் அமர்வது உகந்தது என்பர். 12 அடி நீள அறையில் இது ஒருவாறு பொருந்தும், அறை வெறுமையாயிருப்பின். அங்கோ ஒரு குடும்பம் உறங்குகின்றது. அடுப்பும் பெட்டியும் பிள்ளைகளின் புத்தகங்களும் உள்ளன. மேலும், முக்கோணத்தின் உச்சியில் அமரக்கூடியவர் ஒருவரே. உயர்தர ஒலிபெருக்கியும் தன் முழுச் சிறப்பை ஒருவருக்கே நல்குகின்றது என்பது பலரும் கருதாத உண்மையாகும்.

இந்நிலையில், கைத்தொலைபேசியோடு இணைத்த எளிய காதொலிப்பான் லயனின் இளந்தலைமுறைக்குத் தந்தது இசைமட்டுமன்று. கூரைவரை எட்டாத சுவர்களுக்கிடையே முதன்முதலாக ஒரு தனியறையை அது அவர்களுக்குத் தந்தது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி அயலறை ஓசையிலிருந்து விலகி விரிவுரையைக் கேட்க அதனால் இயல்கின்றது. கல்லும் சுண்ணாம்பும் தரவேண்டிய ஒன்றைக் கம்பியும் சிறு காந்தமும் தருகின்றன. இவ்வுதவியைப் பாராட்டும்போதே, அது ஈடுசெய்யும் குறையையும் மறத்தலாகாது. அதற்கொரு விலையும் உண்டு. வாரத்திற்கு 40 மணித்தியாலங்களுக்கு 80 தெசிபெல் என்னும் எல்லையை உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்துள்ளன. சுற்றிலும் இரைச்சல் மிகுந்த இடத்தில் வாழ்பவர் அவ்விரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவர். செவிக்கேடும் அவர்க்கே முதலில் நேரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காதொலிப்பான் நுண்மையையும் தனிமையையும், ஒலிபெருக்கி வெளியையும் உடலுணர்வையும் தருகின்றன என்பது தெளிவாகும். எது சிறந்தது என்னும் வினாவிற்குக் கருவியை மட்டும் கொண்டு விடை காணவியலாது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்த மக்களின் வழித்தோன்றல்களிற் பலர் இன்றும் லயன்களிலேயே வாழ்கின்றனர். அவர்கள் காதொலிப்பானைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்று சொல்வதினும், வேறு தேர்வு அவர்களுக்கு இல்லை என்று சொல்வதே பொருந்தும். தனி வீடும் தன் நிலமும் வாய்க்கும்போதே தனித்துக் கேட்பதும் கூடிக் கேட்பதும் மெய்யான தேர்வாகும். விரும்பிய பாட்டை வேண்டிய அளவில் ஒலிக்கவிடவும், வேண்டாதபோது கதவைச் சாத்திக்கொள்ளவும் இயலும் வீடே ஒலித்தரத்தின் முதற் கருவி எனின் அது மிகையாகாது.