விவசாயிக்கென்று பிறந்த கார்



புது மாட்டு வண்டி செய்யச் சொன்னால் ஆசாரி முதல்லே என்ன கேட்பார்? ‘எந்தப் பாதையிலே போகணும், என்ன பாரம் ஏத்தணும்?’ என்றுதானே! மோட்டார் காருக்கும் கேள்வி அதேதான். அப்படிக் கேட்டுச் செய்த ஒரு காரின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி கார் அது. அதைக் கொண்டுவந்த ஹென்றி ஃபோர்டு, மிச்சிகன் மாநிலத்தில் 1863-ல் பிறந்த ஒரு விவசாயி மகன். அந்நாளில் அங்கே கிராமத்துப் பாதையெல்லாம் சேறும் பள்ளமும்தான்.

முதலில் என்ஜினைப் பாருங்கள். நான்கு சிலிண்டர்; 20 குதிரைத் திறன். அதற்கு முன் பல என்ஜின்களில் சிலிண்டரும் மேல்மூடியும் ஒன்றாகவே வார்க்கப்பட்டிருந்தன. உள்ளே படிந்த கரியைச் சுரண்டுவது பெரும்பாடு. இதிலோ, மூடியைத் தனியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். நம்ம மெக்கானிக் ‘ஹெட்’ என்கிறாரே, அதுதான். ஸ்பானர் இருந்தால் விவசாயியே கழற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது கியர். மற்றக் கார்களில் பல்சக்கரங்களை நகர்த்திக் கோக்க வேண்டும். கை பழகாதவர் போட்டால் பல் உராய்ந்து அலறும். மாடல் டி-யில் பற்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும். காலால் மிதித்தால் ஒரு பட்டை உருளையை இறுக்கும், வேகம் மாறும். முன்னே போக இரண்டு கியர், பின்னே வர ஒன்று. அவ்வளவுதான்.

களத்திலே பிணையல் மாடு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உள் மாடு மெல்ல நடக்கும். வெளி மாடு எட்டிப் போட்டு நடக்கும். கார் திரும்பும்போது பின்சக்கரம் இரண்டுக்கும் இதே நிலைதான். அதற்காகவே கார்களின் பின் அச்சில் ‘டிஃபரன்ஷியல்’ வைக்கிறார்கள். அது இருப்பதால் ஒரு சக்கரம் நின்றாலும் மற்றது சுற்றும். அமெரிக்க விவசாயிகள் இதையும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள்!

குறை இல்லையா? இருந்தது. பெட்ரோல் தானாகவே வழிந்து என்ஜினுக்குப் போகவேண்டும், பம்ப் கிடையாது. டாங்கியில் பெட்ரோல் குறைந்தபோது செங்குத்தான மேடு வந்தால், டாங்கி தாழ்ந்து என்ஜின் நின்றுவிடும். வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மேடேறினார்கள். கியர் பட்டைகளும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஆனாலும் 1927-ல் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. விலை குறைந்துகொண்டே வந்தது ஒரு காரணம். கோளாறு என்றால் கொட்டகையிலேயே சரிசெய்ய முடிந்தது இன்னொரு காரணம்.

ஆகவே, பம்ப்செட்டோ டிராக்டரோ வாங்கப் போகும்போது குதிரைத் திறனை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ‘இதை நம்ம ஊரிலே கழற்றி மாட்ட முடியுமா? உதிரி பாகம் பக்கத்திலே கிடைக்குமா?’ என்றும் கேளுங்கள். நாற்று காத்திருக்கும்போது என்ஜின் நின்றுபோனால், நஷ்டம் கம்பெனிக்கு அல்ல; நமக்குத்தான்.