மாரியாத்தா வழிபாடு (பொங்கலூர் வட்டாரம்)

அம்மை நோய்களைத் தருபவளாகவும் அவற்றைத் தணிப்பவளாகவும் கருதப்படும் மாரியம்மனை, சாமியாடிகளின் வாக்கு வழியே நாடும் கொங்கு நாட்டுச் சமய வழக்கம். கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் பல்லடத்துக்குக் கிழக்கே இருக்கும் பொங்கலூரிலும் சுற்றூர்களிலும் இன்றும் நடப்பில் உள்ளது. கொங்கின் பழைய 24 நாடுகளில் பொங்கலூர்க்கா நாடும் ஒன்று. இன்று விசைத்தறியும் கோழிப்பண்ணையும் பனியன் கம்பெனி வேன்களுமாக மாறிவிட்ட வட்டாரம் இது. பேச்சு வழக்கில் தெய்வம் ‘மாரியாத்தா’. அவளுக்கான திருவிழா ‘நோம்பி’.

மாயாஜாலக் கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் நோய்க்கடவுள் என்றால் அழுகலைக் கொண்டாடும் அரக்கன். அவனுடைய பூசாரிகள் ஊர் ஊராக நோயைப் பரப்புகிறவர்கள். மாரியாத்தா வழிபாட்டின் போக்கு இதற்கு நேர் எதிர். அழையாமல் வந்துவிட்ட விருந்தாளியை உட்காரவைத்து, உபசரித்து, மனம் கோணாமல் ஊர் எல்லை தாண்டி அனுப்பிவைக்கும் முறை இது. இதன் சடங்குகள் எல்லாம் அந்த ஒரு நோக்கத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

வெறியாட்டு

நோய்க்குத் தெய்வமே காரணம் என்று கருதி, அத்தெய்வம் ஏறிய மனிதனிடமே காரணம் கேட்கும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் மகள் மெலிவதைக் கண்ட தாய் முருகனின் பூசாரியான வேலனை வரவழைக்கிறாள். அவன் களம் அமைத்து, கழங்குக் காய்களை உருட்டிப் பார்த்து, ஆட்டு மறி அறுத்து, வெறியாடி, முருகன் அணங்கிய நோய் என்று சொல்கிறான். உண்மையில் அது காதல் நோய் என்பது தோழிக்குத் தெரியும். பாடலின் சுவையே அதில்தான். அகத்திணைப் புலவர்கள் இந்தச் சடங்கை அரைப் புன்னகையோடு பார்த்தார்கள் என்றே கொள்ள வேண்டும். ஆனால் புன்னகைக்கும் அளவுக்கு அது வீட்டுக்கு வீடு தெரிந்த சடங்காக இருந்திருக்கிறது. கழங்கின் இடத்தை இன்று கொங்கில் ‘பூக்கேட்டல்’ பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, விவரம் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள்; வரும் பூவே சாமியின் விடை.

வீட்டில் அம்மை

அம்மை கண்டால் நோயின் பெயரைச் சொல்வதில்லை. ‘ஆத்தா வந்திருக்கறா’ என்பதே பேச்சு. வாசலில் வேப்பங்கொத்து செருகிய உடனே அக்கம்பக்கத்தார் உள்ளே வருவது நின்றுவிடும். நோயாளிக்குத் தனி அறை. தரையில் வேப்பிலை பரப்பி, மேலே வெள்ளைத் துணி விரித்துப் படுக்கை. அடுப்பில் தாளிப்பு கூடாது. கறி, மீன் கிடையாது. மோர், இளநீர், கம்பங்கூழ் தரலாம். அரிப்பு எடுத்தால் நகம் படாமல் வேப்பங்கொத்தால் வருடிவிடுவார்கள். நோயாளியை வீட்டார் அதட்டுவதில்லை, ஏனென்றால் படுத்திருப்பது பிள்ளை உருவில் ஆத்தா.

கொப்புளங்கள் காய்ந்த பிறகு, ஒற்றைப்படை நாளாகப் பார்த்து ‘தண்ணி ஊத்துவது’ வழக்கம். குடத்துத் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்துச் சூடேற்றித் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்று முறை ஊற்றி முடித்த பிறகே கோயிலுக்கும் வேலைக்கும் போவது.

சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும் என்கிறது மருத்துவம். முதல் தண்ணீர் வரைக்குமான ஒதுக்கம் ஏறத்தாழ அதே காலத்துக்கு நீள்கிறது. ஆனால் இதைச் சாக்காக வைத்து முன்னோர் கிருமியை அறிந்திருந்தார்கள் என்று சொல்வது மிகை. அவர்கள் அறிந்திருந்தது, ஆத்தா வந்த வீட்டுக்குப் போனவர் வீட்டுக்கும் ஆத்தா வருவாள் என்பது. இந்த வழக்கத்துக்குக் கெட்ட பக்கமும் உண்டு. மருந்து கொடுத்தால் ஆத்தாவுக்குக் கோபம் என்று எதையும் தொடாமல் இருந்ததில் தட்டம்மைக்குப் பிந்திய நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் போன குழந்தைகள் ஏராளம்.

ஒரு வினோதம். சின்னம்மை ஆறிய பிறகு அதன் வைரஸ் நரம்புகளில் தங்கியிருந்து, பல ஆண்டுகள் கழித்து அக்கியாகக் கிளம்பும். வைரஸ் ஒன்றுதான், ஆனால் ஊர்க் கணக்கில் இரண்டும் வேறு. சின்னம்மை ஆத்தாவின் பாடு, அக்கி குயவரின் பாடு. அக்கி கண்டவர் மண்பாண்டம் செய்பவரிடம் போவார். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளம் கண்ட இடத்தில் பூசி, சிங்க உருவம் எழுதிவிடுவார். இதற்கு ‘அக்கி எழுதுதல்’ என்று பெயர்.

கம்பமும் நோம்பியும்

வீட்டில் நடக்கும் உபசாரத்தின் ஊரளாவிய வடிவமே நோம்பி. மழைக்கு ஏங்கும் பங்குனி, சித்திரையில்தான் பெரும்பாலான ஊர்களில் சாட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை பூச்சாட்டு எனும் விழா அறிவிப்பு, பிறகு கம்பம் நடுதல். மூன்று கவையாகப் பிரிந்த மரக்கிளையை வெட்டி, பட்டை உரித்து, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டிக் கோயிலுக்கு எதிரே நடுவார்கள். கம்பம் ஆத்தாவின் புருஷன். நாள்தோறும் பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுகிறார்கள். இரவில் பூவோடு எனப்படும் நெருப்புச் சட்டி அதன் தலையில் ஏறுகிறது. இளவட்டங்கள் பறை, உறுமிக்கு அதைச் சுற்றி ஆடுகிறார்கள். ஊற்றுவதும் எரிப்பதுமாகச் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும் இந்த ஏற்பாடு, காய்ச்சலில் கிடக்கும் உடம்பின் நிலையைத்தான் ஊர் நடுவே நிறுத்திக் காட்டுகிறது. கம்பம் நிற்கும் நாட்களில் ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. காலை வேனில் போய் இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் காலத்தில் இது தளர்ந்துவிட்டது. மாவிளக்கும் பொங்கலும் முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றிலோ ஆற்றிலோ விடுவார்கள். கரூரில் அமராவதியிலும் ஈரோட்டில் காவிரியிலும் கம்பம் விடுவதைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. மறுநாள் மஞ்சள் நீராட்டு. விருந்தாளி போயாயிற்று.

இந்த விழாவை ஆழமாக ஆராய்ந்தவர் கனடா மானிடவியலாளர் பிரெண்டா பெக். 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தவர். அருகில் உள்ள கண்ணபுரம் மாரியம்மன் விழாவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். காங்கயம் மாடுகளுக்குப் பேர்போன கண்ணபுரம் சந்தை அந்தச் சித்திரை விழாவையொட்டியே கூடுகிறது. கம்பத்துக்குச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று, சாதியை மறைத்து அம்மனை மணந்தவன் தண்டிக்கப்பட்டு மரமாக நிற்கிறான் என்பது. பிஷப் ஹென்றி வைட்ஹெட் 1916இல் வெளியிட்ட தென்னிந்திய கிராம தெய்வங்கள் பற்றிய நூலிலும் இதையொத்த கதை உண்டு. சாதி மீறலுக்குத் தண்டனையை நியாயப்படுத்த நோய்த் தெய்வத்தையே சாட்சிக்கு இழுத்த கதை இது. சடங்கின் அழகைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சாமியாடி

பூசாரி வேறு, சாமியாடி வேறு. கொங்கில் மாரியம்மன் பூசை பெரும்பாலும் பண்டாரங்களிடம் உள்ளது. சாமியாடி ஊரில் யாராகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்; பகலில் தறி ஓட்டுகிறவர், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். உடுக்கையும் பம்பையும் வேகமெடுக்கும்போது முதலில் குதிகால் நடுங்கும், மூச்சு இரைக்கும், கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். கையில் வேப்பங்கொத்தைக் கொடுத்துத் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரியவர் ஒருவர் முன்வந்து, ‘ஆத்தா, என்ன கொறை வெச்சோம், சொல்லீரு’ என்பார். நோம்பி சாட்டாமல் விட்டது, பங்காளிச் சண்டை, நேர்ந்துகொண்டதை மறந்தது என்று குறை வரும். தீர்வும் கையோடு வரும்: ஒரு மாவிளக்கு, ஒரு தீர்த்தக்குடம், உருவாரம் எனப்படும் ஒரு மண்பொம்மை. திருநீறு போட்ட பின், உள்ளங்கையில் ஏற்றிய சூடம் அணைவதோடு சாமி மலையேறிவிடும். பிறகு அவர் டீ கேட்பார்.

சைபீரியப் பழங்குடி மந்திரவாதி தன் உயிரை வெளியே அனுப்பி ஆவிகளைத் தேடிப் போகிறவர் என்று மிர்சியா எலியாட் 1951இல் எழுதிய நூலில் விளக்கினார். நம் சாமியாடி எங்கும் போவதில்லை. தெய்வம் அவரிடம் வருகிறது. நோயைத் தணித்து அனுப்புவது, விரட்டுவது என்னும் இரு வகையையும் இலங்கையில் அருகருகே காணலாம். மட்டக்களப்புத் தமிழர் வைகாசியில் கண்ணகிக்குக் ‘குளிர்த்தி’ பாடி வெப்பு தணிக்கிறார்கள். தென்னிலங்கைச் சிங்களர் 18 சன்னிப் பேய்களின் முகமூடியணிந்து ஆடி, ஒவ்வொரு நோயையும் மேடையேற்றிச் சிரிக்கவைத்து விரட்டுகிறார்கள்.

ஊசியும் ஆத்தாவும்

பசுவின் அம்மைப்பாலை எடுத்து அம்மை குத்தும் முறை இந்தியாவுக்கு 1802இல் வந்தது. அதற்கு மக்கள் காட்டிய தயக்கத்தைப் போக்கச் சென்னை ஆட்சியர் எல்லிஸ் கையாண்ட வழி சுவையானது. பசுவின் அம்மைப்பாலைப் புதிய வரமாகத் தன்வந்திரிக்கு அம்மனே அருளியதாகத் தமிழில் ஒரு கதை இட்டுக்கட்டினார். ஆத்தாவை எதிர்த்து ஊசி போட முடியாது, ஆத்தா சொல்லித்தான் போட முடியும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. நைஜீரியாவில் பெரியம்மைத் தெய்வம் சொப்போனாவின் வழிபாட்டைப் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுத் தடுத்ததோடு ஒப்பிட்டால் எல்லிஸின் வழி புத்திசாலித்தனமானது.

1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் நோம்பி நிற்கவில்லை. மழைக்கும் பிள்ளை வரத்துக்கும் தறி நன்றாக ஓடுவதற்கும் அவளிடம்தான் கேட்க வேண்டும் என்பதால் அவள் தொழில் குறையவில்லை. புதிய நோய் வந்தால் புதிய பெயரும் வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொங்கைத் தாக்கிய பிளேக்கின் நினைவாகக் கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் 1997இல் ஒரு பள்ளி ஆசிரியர் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக ‘எய்ட்ஸம்மா’ கோயில் எழுப்பினார். 2021 மே மாதம் கோவை இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கருங்கல்லில் ‘கொரோனா தேவி’ நிறுவப்பட்டு 48 நாள் வேள்வி நடந்தது. தொற்று பரவாதிருக்கப் பொதுமக்களை உள்ளே விடவில்லை.

பெரியம்மை போன பிறகு ஆத்தாவின் பெயரில் எஞ்சியிருப்பவை தட்டம்மையும் சின்னம்மையும். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி தமிழகத்தில் 2017 முதல் அரசால் இலவசமாகப் போடப்படுகிறது. சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை; தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.