வீட்டை வாடகைக்கு விடுதல் (புதுக்கோட்டை மாவட்டம்)

வீட்டை வாடகைக்கு விடுதல் என்பது, வீட்டு உரிமையாளர் ஒருவர் தமது வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் குடியிருக்கக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பணம் பெறுவதைக் குறிக்கும். இக்கட்டுரை, தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டச் சூழலில், முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுவோர் செய்யவேண்டிய ஆயத்தங்களையும் அவற்றுக்கான சட்டப் பின்னணியையும் விளக்குகின்றது.

பின்னணி

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனி சமத்தானமாக இருந்தது. பின்னர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டு, 1974 சனவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று. புதுக்கோட்டை நகரில் அரசு அலுவலகங்கள், மன்னர் கல்லூரி, 2017இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவை உள்ளன. விராலிமலைப் பகுதியில் தொழிற்சாலைகள் காணப்படுகின்றன. பணி மாறுதலில் வருவோர், மாணவர், தொழிலாளர் ஆகியோரே பெரும்பாலும் வாடகை வீடு தேடுவோர் ஆவர். வெளிநாடுகளிலோ பிற நகரங்களிலோ பணிபுரிவோர் பூட்டிக் கிடக்கும் குடும்ப வீட்டை வாடகைக்கு விடுவதும் உண்டு.

வாடகையும் ஒத்தியும்

மாதந்தோறும் பணம் பெறுவது வாடகை ஆகும். இதில் குடியேறும்போது பெறப்படும் பிணைத்தொகை, பேச்சு வழக்கில் அட்வான்ஸ் எனப்படுகின்றது. இதைத் தவிர, தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஒத்தி (போக்கியம்) என்னும் முறையும் வழக்கில் உள்ளது. இம்முறையில் குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பார். காலம் முடிந்ததும் அத்தொகை வட்டியின்றித் திருப்பித் தரப்படும்.

ஒத்திப் பணத்தை உரிமையாளர் கடன் அடைக்கவோ திருமணத்துக்கோ செலவிட்டுவிடின், அடுத்த ஒத்திக்காரர் கிடைக்கும்வரை முன்னவருக்குத் திருப்பித் தர இயலாத நிலை ஏற்படுகின்றது. குடியிருப்பவரின் சேமிப்பு முழுவதும் இதில் முடங்கக்கூடும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கான போக்கிய அடமானம், இரு சாட்சிகள் கையொப்பமிட்டுப் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே செல்லுபடியாகும். ஆதலால் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் போதிய பாதுகாப்பு ஆகாது.

உரிமையைத் தெளிவுபடுத்தல்

திருமயம், பொன்னமராவதி வட்டங்களில் உள்ள செட்டிநாட்டுப் பாணி வீடுகள் பலவும், பிற பரம்பரை வீடுகளும் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. இத்தகைய வீட்டை வாடகைக்கு விடுமுன் பங்குதாரர் அனைவரின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெறுவது நலம். வாடகையை யார் பெறுவது, பழுது பார்க்கும் செலவை எவ்வாறு பகிர்வது என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், மின்கட்டணம் ஆகியவற்றில் நிலுவை இல்லாதிருப்பதும் வேண்டும்.

வீட்டை ஆயத்தம் செய்தல்

* கூரை: 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தில் பெருஞ்சேதம் விளைவித்தது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், அதற்கு முன்பே ஓடு மாற்றுதல், தளத்தின் வெடிப்பை அடைத்தல், மழைநீர்க் குழாயைத் துப்புரவு செய்தல் ஆகியவற்றை முடித்துவிட வேண்டும்.
* சுவர்: பழைய சுண்ணாம்புச் சுவர்களின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உரியும். இவற்றுக்குச் சுண்ணாம்பு அடிப்பதே ஏற்றது.
* நீர்: இது வறட்சி மிகுந்த மாவட்டம் ஆகும். ஆழ்துளைக் கிணறு கோடையிலும் நீர் தருகின்றதா என்பதைக் குடிவருவோரிடம் மறையாது கூறுதல் பின்னாளைய பூசலைத் தவிர்க்கும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு, தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.
* மின்சாரம்: பழைய கம்பிகளை மாற்றுதல், நிலத்தொடுப்பைச் சோதித்தல், மின்கசிவுத் தடுப்பி பொருத்துதல் ஆகியவை உயிர்காப்பன. மோட்டார், குளியலறை இணைப்புகளில் கூடுதல் கவனம் தேவை.
* கழிவுநீர்த் தொட்டி: இதனைக் கழிவு உறிஞ்சும் ஊர்தி கொண்டே துப்புரவு செய்ய வேண்டும். பாதுகாப்பின்றி ஆள் இறக்குவது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும். நச்சுவாயுவால் உயிரிழப்பு நேரும்.

சட்டம்

1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நீக்கப்பட்டு, 2017இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பெப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிடில், பிணைத்தொகை மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. எடுத்துக்காட்டாக, மாத வாடகை 6,000 ரூபாய் எனில் பிணைத்தொகையின் வரம்பு 18,000 ரூபாய் ஆகும்.

பழுது பார்க்கும் பொறுப்பையும் இச்சட்டத்தின் அட்டவணை பிரித்துக் காட்டுகின்றது. கட்டட அமைப்பில் ஏற்படும் பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை உரிமையாளருடையவை. தண்ணீர்க் குழாய்த் திருகிகள், மின்சொடுக்கிகள், பூட்டுகள், சன்னல் கண்ணாடிகள் ஆகியவற்றைச் சீர்செய்தலும் சாக்கடை அடைப்பு நீக்குதலும் குடியிருப்பவருடையவை. வாடகை நிலுவை இருப்பினும், குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க உரிமையாளருக்கு அனுமதி இல்லை. வெளியேற்றம் வாடகை நீதிமன்றத்தின் வழியாகவே நடைபெற வேண்டும்.

குடியேற்றமும் கணக்கும்

சாவியைக் கொடுக்கும் நாளில் மின்விசிறி, விளக்கு, சாவி ஆகியவற்றின் எண்ணிக்கை, சுவரில் ஏற்கெனவே உள்ள கறைகள், மின்அளவியின் அளவு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளலாம். வெளியேறும்போது பிணைத்தொகையில் பிடித்தம் செய்வது குறித்த பூசல்கள் பெரும்பாலும் இப்பட்டியல் இல்லாமையாலேயே எழுகின்றன. வீட்டின் ஒரு பகுதியில் கடை நடத்தினால் மின்கட்டண விகிதம் மாறும் என்பதையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடலாம்.

வாடகை, வருமானவரிக் கணக்கில் வீட்டுச் சொத்து வருமானமாகக் கொள்ளப்படும். உரிமையாளர் செலுத்திய சொத்துவரியைக் கழித்த பின், எஞ்சியதில் 30 விழுக்காடு பராமரிப்புச் செலவுக்கெனக் கழிக்கப்படும். ஆண்டு வாடகை 72,000 ரூபாய், சொத்துவரி 2,000 ரூபாய் எனில், எஞ்சும் 70,000 ரூபாயில் 21,000 ரூபாய் கழிந்து, 49,000 ரூபாயே கணக்கில் சேரும்.

சமூக நோக்கு

குடிவருவோரின் சாதி, சமயம், உணவு வழக்கம் ஆகியவற்றைக் கேட்டு வீடு மறுக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உள்ளது. தனியாக வாழும் பெண்களும் இத்தகைய மறுப்பை எதிர்கொள்கின்றனர். வாடகையைத் தவறாது செலுத்தும் திறனையும், முன்னர்க் குடியிருந்த வீட்டாரின் கருத்தையும் அளவுகோலாகக் கொள்வதே உரிமையாளருக்கும் பயன் தருவதாகும்.

இவற்றையும் பார்க்க

* புதுக்கோட்டை மாவட்டம்
* ஒத்தி
* மழைநீர் சேகரிப்பு