நான்கவுரிக்குத் திரும்பிய உபதேசியார்கள்

கோடை விடுமுறை முடிந்து போர்ட் பிளேரின் பத்துபஸ்திக்கும் ஜங்லிகாட்டுக்கும் திரும்பும் ஆசிரியர் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து அங்கே வரும் கப்பல்களில் ஒன்றுக்கு 'எம்.வி. நான்கவுரி' என்று பெயர். ஊறுகாய் பாட்டில், வற்றல், பிள்ளைகளின் புதுப் புத்தகப்பை என்று மூட்டை முடிச்சுகளோடு ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழகக் கரையிலிருந்து அந்த நான்கவுரித் தீவுக்குக் கற்பிக்கப் போனவர்களின் கதை தெரியும்?

1756-இல் தரங்கம்பாடியின் டேனிஷ்காரர்கள், நான்கவுரி அடங்கிய நிக்கோபார் தீவுகள் தங்களுக்குச் சொந்தம் என்று அறிவித்தார்கள். குடியேறப் போனவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகும் தீவுக்குப் போகத் துணிந்தவர்கள் மொரேவியச் சகோதரர்கள் என்ற ஜெர்மானியச் சபையினர். 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, 'சகோதரர் தோட்டம்' அமைத்திருந்தார்கள். 1768-இல் அங்கிருந்து நான்கவுரிக்குக் கப்பலேறினார்கள்.

ஐரோப்பா அவர்களுக்கு எட்டாத தூரம். பிறந்த ஊர் என்பது கடிதத்தில் மட்டும்தான். ஆகவே தரங்கம்பாடித் தோட்டமே அவர்களுக்குத் தாய்வீடு ஆயிற்று. மாவும் துணியும் மருந்தும் அங்கிருந்துதான் வரவேண்டும். கப்பல் வராவிட்டால் பட்டினி. உடம்பு முடியாமல் போனால் தோட்டத்துக்கு வந்து தேறிக்கொண்டு திரும்புவார்கள். தேறாதவர்கள் அங்கேயே மண்ணுக்குள் போனார்கள்.

1779-இல் நான்கவுரிக்குப் போன யோஹான் காட்ஃபிரீட் ஹென்செல் முதுமையில் எழுதிய கடிதங்கள் 1812-இல் லண்டனில் நூலாக வந்தன. இந்தக் கதையின் பெரும்பகுதி அவற்றின் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. ஹென்செல் கைத்தொழில் தெரிந்த மனிதர். மிஷனின் செலவுக்காகச் சிப்பி, பூச்சி, பாம்பு எல்லாம் சேகரித்து, ஐரோப்பாவில் அவற்றைத் தேடுவோருக்கு அனுப்பினார். பாம்பின் நச்சுப் பல்லைப் பிடுங்க அவர் கையாண்ட முறை இது: சிவப்புத் துணி ஒன்றை முன்னால் நீட்டுவார், பாம்பு சீறிக் கவ்வும், துணியைச் சட்டென்று இழுத்தால் பல்லும் கூடவே வந்துவிடும்.

பாம்பு வசப்பட்டது; பாஷை வசப்படவில்லை. கப்பல்காரர்களிடம் தீவு மக்கள் பழகியிருந்த அரைகுறைப் போர்த்துகீசியம்தான் பேச்சுக்கு உதவியது. விலை பேச அது போதும். மனசைத் தொட்டு ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கப் போதுமா?

சாவுக் கணக்கையும் ஹென்செல் எழுதி வைத்திருக்கிறார். நான்கவுரி மண்ணில் புதைந்தவர்கள் 11 பேர். அங்கே பிடித்த காய்ச்சலோடு தரங்கம்பாடிக்குத் திரும்பிச் சீக்கிரமே இறந்தவர்கள் 13 பேர். மலேரியா கொசுவால் வருகிறது என்பதை ரொனால்டு ராஸ் கண்டறிய 1897 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. இவர்களோ காற்றையும் காட்டையும் பழித்துக்கொண்டே செத்தார்கள். சக ஊழியரை அடக்கம் செய்த கையோடு அடுத்தவர் கப்பலேறினாரே, அந்த மனத்திடத்தை என்னவென்று சொல்வது!

1787-இல் மிஷனை மூடிவிடுவதென்று முடிவாயிற்று. மீதிச் சாமான்களை எடுத்துவர ஹென்செல்தான் மறுபடி நான்கவுரிக்குப் போனார். அவர் விடைபெற்றபோது தீவு மக்கள் அழுதார்கள். மதத்தில் சேராவிட்டாலும், கூடவே வாழ்ந்த மனிதர்கள் மீது அவர்களுக்கு அன்பு இருந்தது.

நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 1895-இல் நிக்கோபார் தீவுகளில் இன்னொன்றான கார் நிக்கோபாரின் முஸ் கிராமத்துக்கு ஒரு தமிழர் போனார். பெயர் வேதப்பன் சாலமோன். சபையின் உபதேசியார், அரசின் ஏஜென்ட், பள்ளி வாத்தியார் என்று எல்லாப் பொறுப்பும் அவர் தலையில். அவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகள் 1902-இல் லண்டன் மானுடவியல் கழகத்தின் இதழில் அச்சாயின. தீவின் சடங்குகளையும் சண்டைகளையும் அன்றாடம் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய தமிழர் அவர். அவருக்குத் தமிழ்நாட்டில் இன்னும் ஒரு நல்ல வாழ்க்கை வரலாறு இல்லாதது பெருங்குறை.

சாலமோனின் மாணவர்களில் ஒரு பையனுக்கு ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் வைக்கப்பட்டது. மேற்படிப்புக்குப் பர்மாவின் மாண்டலேக்குப் போனான். சாலமோன் 1909-இல் இறந்தார். 1912-இல் ரிச்சர்ட்சன் சொந்தத் தீவுக்கே ஆசிரியராகத் திரும்பினார். ஹென்செல் கூட்டத்தார் உயிரைக் கொடுத்தும் பெற முடியாத ஒன்று இவருக்குப் பிறப்பிலேயே கிடைத்திருந்தது: பாடம் சொல்ல வேண்டிய மொழி இவருக்குத் தாய்மொழி. புதிய ஏற்பாட்டை நிக்கோபாரியில் தந்தார், 1950-இல் ஆயரானார், 1952-இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராக டெல்லி போனார். முஸ் பையன்களுக்குக் கால்பந்தை அறிமுகப்படுத்தியவரும் அவர்தான்.

இடையில் 1942-இல் ஜப்பானியப் படை தீவில் இறங்கியது. அந்த மூன்றாண்டுகளில் ரிச்சர்ட்சன் பட்ட பாடு அடுத்த வாரம்.

(தொடரும்)