கப்பற்கூலியின் உணவும் நாட்டின் வறுமையும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய அறிஞரிடையே மூண்ட பெருவிவாதம், ஆங்கிலேயர் ஆட்சியில் நாடு வளர்கின்றதா, தேய்கின்றதா என்பதே. இரயில் பாதைகளையும் ஏற்றுமதியையும் காட்டி வளர்ச்சி என்றனர் ஆட்சியாளர். பம்பாயைச் சேர்ந்த பார்சிப் பெருமகனார் தாதாபாய் நௌரோஜியோ கணக்கைக் கையிலெடுத்தார். 1876இல் அவர் படித்தளித்த ‘இந்தியாவின் வறுமை’ என்னும் கட்டுரை, தலைக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாயே என்றது.

உயிர்வாழ எவ்வளவு வேண்டும்? அதற்கு அவர் கொண்ட அளவுகோல் மலேசியத் தமிழர் நெஞ்சைத் தொடுவது. கடல் கடந்து செல்லும் கூலிகளுக்குக் கல்கத்தாவில் அரசு மருத்துவர் வகுத்த உணவுப்பட்டியலே அது: அரிசி, பருப்பு, இறைச்சி, காய்கறி, நெய், எண்ணெய், உப்பு. கப்பலில் வேலையின்றி அமர்ந்திருப்போர்க்கான அளவு; ஏர் பிடிப்பவனுக்குப் போதாது. (நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோர்க்கு அதுவேனும் கிட்டிற்றா என்பது வேறு கதை.) அந்த உணவுக்கே மாகாணத்திற்கேற்ப 16 முதல் 35 ரூபாய் வரை ஆயிற்று. சிறைக் கைதிக்கு அரசு செய்த செலவையும் அருகே வைத்துக் காட்டினார். குற்றவாளிக்குக் கிடைப்பது குடியானவனுக்குக் கிடைக்கவில்லை என்பது அவர் வாதம்.

1882இல் அரசுத் தரப்பினர் 27 ரூபாய் என மறுகணக்கிட்டனர். நௌரோஜி அசையவில்லை. 1892இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்குத் தேர்வு பெற்ற பின்னரும் இக்கணக்கை விடாது, 1901இல் நூலாகவே வெளியிட்டார்.